நஃபகாவும் வருமானக் கணக்கும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

ஆண்டுதோறும் இந்தக் கூட்டத்தில் தொழுகையைப் பற்றியோ ஜகாத்தைப் பற்றியோ பேசுவது நமது வழக்கம். இவ்வாண்டு, மணவாழ்வு முறிந்த பின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டிய தொகையைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அத்தொகை கொடுப்பவருடைய வருமானக் கணக்கில் எவ்வாறு நிற்கிறது? பெறுபவருடைய கணக்கில் எவ்வாறு நிற்கிறது? அரசின் வரிச் சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது? இவற்றை அறியாமல் ஒரு தாளை எழுதிக் கையெழுத்திடுவதால் விளையும் தீங்கை நாம் நேரில் கண்டிருக்கிறோம். அந்தத் தீங்கில் நமக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

நாம் எழுதிய ஒரு வரி

சில ஆண்டுகளுக்கு முன் வளைகுடா நாட்டில் பணிபுரியும் ஓர் இளைஞருக்கும் அவருடைய மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை. இரு வீட்டாரும் பள்ளிவாசலுக்கு வந்தார்கள். பலமுறை பேசியும் பலனில்லை. பிரிவது என்று இரு தரப்பும் இசைந்தபோது, மூன்று இலட்சம் ரூபாய் பேசி முடிக்கப்பட்டது. "மூன்று இலட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டேன், எல்லாக் கணக்கும் தீர்ந்தது" என்று ஒரே வரியில் எழுதி, சாட்சிகளோடு நாமும் கையெழுத்திட்டோம். அந்த மூன்று இலட்சத்தில் மஹர் எவ்வளவு, இத்தா காலச் செலவு எவ்வளவு, அப்பெண்ணின் வருங்காலத்திற்கான ஏற்பாடு எவ்வளவு என்று எவரும் கேட்கவில்லை. அவர்களுக்கு மூன்று வயதில் ஓர் ஆண் குழந்தை இருந்தான். அவனுடைய பெயர்கூட அந்தத் தாளில் இல்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, மகனின் பள்ளிக் கட்டணச் சீட்டோடு அத்தாய் வந்து நின்றார். அவருடைய முன்னாள் மாமனாரை அழைத்துப் பேசினோம். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு நகலை எடுத்து விரித்தார். "எல்லாக் கணக்கும் தீர்ந்தது என்று ஹஜ்ரத் நீங்களே எழுதியிருக்கிறீர்களே!" என்றார். அதில் இருந்தது நமது கையெழுத்துத்தான். நாம் தலைகுனிந்தோம்.

தந்தையின் கடமை அந்த ஒரு வரியால் நீங்கிவிடவில்லை. பிள்ளையின் உணவும் உடையும் பிள்ளையின் உரிமை. ஆயினும் அந்த வரி ஒரு சிறுவனின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து இந்த விஷயத்தில் மார்க்கம் சொல்வதையும் நாட்டின் சட்டம் சொல்வதையும் ஒருசேரப் படித்து வருகிறோம். அறிந்தவற்றை இங்கே வைக்கிறோம்.

மார்க்கம் வைத்த அளவுகோல்

திருக்குர்ஆனின் அத்தலாக் அத்தியாயம், வசதி உள்ளவர் தம் வசதிக்கேற்பவும், நெருக்கடியில் இருப்பவர் அல்லாஹ் தமக்கு அளித்ததிலிருந்தும் செலவிட வேண்டும் என்று கட்டளையிடுகிறது. அல்பகரா அத்தியாயம், பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாயும் துன்புறுத்தப்படக் கூடாது, தந்தையும் துன்புறுத்தப்படக் கூடாது என்று இரு பக்கமும் காக்கிறது. ஆகவே நஃபகாவின் அளவுகோல் கொடுப்பவருடைய உண்மையான வசதியே.

நமது இமாம்கள் இதை எண்ணிக்கையாகவே வகுத்தார்கள். ஷாபிஈ மத்ஹபில் மனைவியின் அன்றாட உணவுக்கு வசதி உள்ளவர் இரண்டு முத்து, நடுத்தரமானவர் ஒன்றரை முத்து, ஏழை ஒரு முத்து தானியம் கொடுக்க வேண்டும். முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. ஹனஃபி மத்ஹபில் கணவன், மனைவி இருவரின் நிலையையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வருமானத்திற்கேற்ற படிநிலை நம்மிடம் இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அபூ சுஃப்யான் (ரலி) அவர்களின் மனைவி ஹிந்த் (ரலி) அவர்கள், தம் கணவர் தமக்கும் பிள்ளைக்கும் போதுமான அளவு தருவதில்லை என்று நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். வழக்கத்தில் உள்ள அளவுப்படி, தமக்கும் பிள்ளைக்கும் போதுமானதை அவருடைய பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள நபியவர்கள் அனுமதித்தார்கள். நஃபகா கணவன் இரங்கிப் போடும் தர்மம் அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எது வருமானம்?

இப்போது நாட்டின் சட்டத்திற்கு வருவோம். ஜீவனாம்ச வழக்குகளில் கணவர்மார் பலர் செய்யும் முதல் காரியம், வருமானத்தைக் குறைத்துக் காட்டுவது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற வழக்கில் இதற்கு ஒரு கட்டுப்பாடு விதித்தது. கணவனும் மனைவியும் தத்தம் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் வெளிப்படுத்த வேண்டும். ஜீவனாம்சம் மனு செய்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும். ஒரு வழக்கில் முன்பே தொகை விதிக்கப்பட்டிருந்தால் அடுத்த வழக்கில் அதைச் சொல்ல வேண்டும்; அது கழித்துக்கொள்ளப்படும்.

சம்பளத்திலிருந்து எதைக் கழிக்கலாம்? 1970 இல் குல்பூஷண் குமார் எதிர் ராஜ் குமாரி வழக்கில், வருமான வரியையும் கட்டாய வருங்கால வைப்பு நிதியையும் கழிக்கலாம், வீட்டு வாடகையையும் மின் கட்டணத்தையும் கழிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2017 இல் வேறொரு வழக்கில், நிகரச் சம்பளத்தில் 25 விழுக்காடு மனைவிக்கு நியாயமான தொகையாக இருக்கும் என்று அதே தீர்ப்பை எடுத்துக்காட்டிக் கூறியது. இது மாறாத விதி அன்று. ஒரு வழிகாட்டி மட்டுமே.

ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு மாதச் சம்பளம் 50,000 ரூபாய். கட்டாய வைப்பு நிதி 1,800 ரூபாய் போக மீதி 48,200. அவரோ வாகனத் தவணை 4,500, சீட்டு 10,000, தனிக்கடன் தவணை 12,000 ஆகியவற்றையும் கழித்து, "என் கைக்கு வருவது 21,700 தான்" என்கிறார். சீட்டு என்பது அவருடைய சேமிப்பு. தனிக்கடன் அவராக விரும்பி வாங்கியது. இவற்றைக் காட்டி மனைவி மக்களின் பங்கைச் சுருக்க இயலாது. 48,200 இல் 25 விழுக்காடு 12,050 ரூபாய். பிள்ளைகளின் செலவு அவர்களுடைய எண்ணிக்கையையும் படிப்பையும் பொறுத்து அதற்கு மேல் சேரும்.

வரிக் கணக்கில் வராத வருமானம்

நம் மஹல்லாவுக்கு மிகவும் தேவையான செய்தி இது. வரிக் கணக்கில் காணும் வருமானம் வேறு, நஃபகாவுக்குரிய வருமானம் வேறு. வெளிநாட்டில் வசிப்பவராகக் கருதப்படும் ஒருவர் வளைகுடாவில் ஈட்டும் சம்பளத்திற்கு இந்தியாவில் வரி இல்லை. ஆகவே அவருடைய இந்திய வருமான வரிக் கணக்கில் அது வராது. தென்னந்தோப்பின் வேளாண் வருமானமும் மத்திய வருமான வரியிலிருந்து விலக்குப் பெற்றது. அரசு வரி கேட்கவில்லை என்பதால் அல்லாஹ் தந்த வசதி இல்லாமற் போய்விடுமா?

நாம் முன்பு சொன்ன அந்த இளைஞர் விடுமுறையில் ஊர் வந்தபோது வரித் தாளைத்தான் காட்டினார். அதில் வருமானம் ஏதும் இல்லை. "தம்பி, வீடு கட்டுவதற்கு மாதம் எவ்வளவு அனுப்புகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து அவரே, "மகனுக்கு மாதம் எவ்வளவு என்று நீங்களே எழுதுங்கள், ஹஜ்ரத்" என்றார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக! இன்றுவரை அத்தொகை மாதந்தோறும் வங்கி வழியாகத் தாயின் கணக்குக்கு வந்துகொண்டிருக்கிறது.

கொடுப்பவருக்கு வரிக் கழிவு உண்டா?

இல்லை என்பதே பொதுவான விடை. பம்பாயைச் சேர்ந்த சீதல்தாஸ் தீரத்தாஸ் என்பவர், நீதிமன்ற ஆணைப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்த தொகையைத் தம் வருமானத்திலிருந்து கழிக்கக் கோரினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1960 இல் நீதியரசர் ஹிதாயத்துல்லா எழுதிய தீர்ப்பு அவருடைய கோரிக்கையை ஏற்கவில்லை. வருமானம் ஒருவருடைய கைக்கு வந்து சேர்ந்த பின் அவர் அதிலிருந்து கடமையை நிறைவேற்றுவது ஒன்று. அவருடைய வருமானமாக ஆகும் முன்பே மற்றவருக்கு உரியதாகப் பிரிந்து செல்வது மற்றொன்று. முன்னது கழியாது, பின்னதே கழியும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பின்னதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. 1933 இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்த பிஜய் சிங் துதூரியா வழக்கில், சிற்றன்னையின் ஜீவனாம்சம் நீதிமன்ற ஆணையால் சொத்தின் மீதே பொறுப்பாகக் கட்டப்பட்டிருந்தது. அத்தொகை அவருடைய வருமானத்தில் சேர்க்கப்படவில்லை. ஆனால் நம்மிடையே நடக்கும் உடன்பாடுகள் பெரும்பாலும் சீதல்தாஸ் வழக்கைப் போன்றவை. ஆண்டுக்கு 18 இலட்சம் ஈட்டுபவர் 3 இலட்சம் ஜீவனாம்சம் கொடுத்தாலும் அவருடைய வரிக் கணக்கு 18 இலட்சத்தில்தான் தொடங்கும். ஆகவே ஒப்புக்கொள்ளும் முன்பே, வரி போக மிஞ்சுவதிலிருந்து கொடுக்க இயலுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இயலாத தொகையைச் சபையில் வீறாப்பாக ஒப்புக்கொண்டு ஆறு மாதத்தில் நிறுத்திவிடுவதால் எவருக்கும் பயனில்லை.

ஜகாத்திலும் இதைப் போன்ற ஒரு சட்டம் உண்டு. எவரைப் பராமரிப்பது நம் மீது கடமையோ அவருக்குக் கொடுப்பதை ஜகாத்தாகக் கணக்கிட முடியாது. பிள்ளைக்குக் கொடுக்கும் மாதத் தொகையை ரமளானில் ஜகாத் கணக்கில் எழுதிக்கொள்வோர் இருக்கிறார்கள் என்று அறிகிறோம். அவர்களுடைய ஜகாத் இன்னும் நிறைவேறவில்லை.

பெறுபவருடைய கணக்கு

மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்கு ஒரே தவணையில் கிடைக்கும் மொத்தத் தொகை மூலதன வரவு, அதற்கு வருமான வரி இல்லை. மாதந்தோறும் கிடைக்கும் ஜீவனாம்சமோ வருமானமாகக் கருதப்படும். பிரதாப்கர் இளவரசி மகேஸ்வரி தேவியின் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் காட்டிய வேறுபாடு இது. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 இலட்சம் வரை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் வரி கட்ட வேண்டியதில்லை. ஆகவே நம் சகோதரிகள் மாதத் தொகை என்றதும் அஞ்ச வேண்டாம்.

மொத்தத் தொகையைக் கொண்டு ஒரு சிறு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால், அந்த வாடகை அப்பெண்ணின் வருமானம். மாதம் 8,000 வீதம் ஆண்டுக்கு 96,000 வந்தால், சட்டம் 30 விழுக்காட்டைக் கழிக்க அனுமதிக்கிறது. 67,200 மட்டுமே கணக்கில் வரும். வீட்டைப் பிள்ளையின் பெயரில் வாங்கினால், பிள்ளை வயதுக்கு வரும் வரை அந்த வாடகை பெற்றோரில் ஒருவருடைய வருமானத்தோடு சேர்க்கப்படும். மணவாழ்வு நிலைத்திருந்தால் இருவரில் அதிக வருமானம் உடையவரோடும், முறிந்துவிட்டால் பிள்ளையைப் பராமரிப்பவரோடும் சேரும்.

மணவிலக்கு ஆகாமல் பிரிந்து வாழ்வோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். கணவன் தக்க விலையின்றி மனைவிக்குக் கொடுத்த வீட்டின் வாடகை கணவனுடைய வருமானமாகவே கணக்கிடப்படும். ஆனால் பிரிந்து வாழ்வதற்கான உடன்பாட்டை ஒட்டிக் கொடுத்த வீடாக இருந்தால் அவ்வாறு சேர்க்கப்படாது. அந்த ஒரு சொற்றொடர் பத்திரத்தில் இருப்பதும் இல்லாதிருப்பதும் எத்துணை வேறுபாடு! 1961 ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 2025 இல் இயற்றப்பட்ட வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 ஐ நடைமுறை நாளாகக் கொண்டது. பிரிவு எண்கள் மாறியுள்ளமையால், பத்திரம் எழுதும் முன் ஒரு தணிக்கையாளரையும் வழக்கறிஞரையும் கலந்துகொள்வது நல்லது.

நீதிமன்றமும் ஜமாஅத்தும்

2001 இல் டேனியல் லத்தீஃபி வழக்கில், மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணின் வருங்காலத்திற்கும் சேர்த்து நியாயமான ஏற்பாட்டைக் கணவன் இத்தா காலத்திற்குள் செய்துவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஜீவனாம்சத்திற்கான பொதுச் சட்டத்தையும் அவர்கள் நாடலாம் என்று 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. அப்பொதுச் சட்டம் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144 ஆம் பிரிவில் உள்ளது. அதன்படி விதித்த தொகையைப் போதிய காரணமின்றிக் கொடுக்காதவருக்கு ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. பாக்கியை ஓராண்டுக்குள் கேட்டு மனுச் செய்ய வேண்டும். சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ இரு தரப்பும் கேட்கலாம்.

ஜமாஅத் ஒரு நீதிமன்றம் அன்று. தனிப்பட்ட அமைப்புகள் வழங்கும் குலா சான்றிதழ் சட்டப்படி செல்லாது என்று 2023 இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்மால் இயன்றது சமாதானம் பேசுவதும், பேசியதை ஒழுங்காக எழுதி வைப்பதும், தேவைப்படும்போது குடும்ப நீதிமன்றத்திற்கு வழிகாட்டுவதுமே.

இனி நாம் எழுதும் முறை

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. ஹனஃபி மத்ஹபில் தீர்ப்போ உடன்பாடோ இல்லாமல் கடந்துபோன நாட்களின் நஃபகா, மனைவிக்குரிய கடனாக நிற்பதில்லை. எழுதி வைப்பதன் அவசியம் இதிலிருந்தே விளங்கும். ஆகவே நிர்வாகக் குழுவின் ஒப்புதலோடு இம்முறையை நமக்கு நாமே விதித்துக்கொள்கிறோம்.

மஹர், இத்தா காலச் செலவு, பெண்ணுக்கான மொத்த ஏற்பாடு, பெண்ணுக்கான மாதத் தொகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய மாதத் தொகை ஆகிய ஐந்தும் தனித்தனி வரிகளாக எழுதப்படும். வீடோ நிலமோ கொடுக்கப்பட்டால் எதன் பொருட்டு என்று குறிக்கப்படும். இரு தரப்பும் தம் வருமானத்தை, வெளிநாட்டுச் சம்பளமும் தோப்பு வருமானமும் உட்பட, எழுத்தில் தருவார்கள். தொகை வங்கி வழியாகவே செல்லும். "எல்லாக் கணக்கும் தீர்ந்தது" என்ற வரி, பிள்ளை இருக்கும் எந்தத் தாளிலும் இனி நமது கையெழுத்தோடு வராது.

பைத்துல்மாலுக்கும் ஒரு முறை வேண்டும். உதவி கேட்டு வரும் தாயின் வருமானத்தைக் கணக்கிடும்போது, அவருக்கு விதிக்கப்பட்ட தொகையைப் பார்க்கக் கூடாது. அவர் கைக்கு உண்மையில் வந்த தொகையையே பார்க்க வேண்டும். தாளில் உள்ள 5,000 ரூபாயைக் கொண்டு எந்தக் கடையிலும் அரிசி வாங்க முடியாது.

பெருமக்களே! நமது வரிக் கணக்கை அதிகாரி ஒருவர் பார்க்கிறார். நமது உறுதிமொழிப் பத்திரத்தை நீதிபதி பார்க்கிறார். இவ்விரண்டிலும் வராததையும் பார்ப்பவன் அல்லாஹ். மறுமையில் நம் பிள்ளை நமக்கு எதிராக ஒரு கணக்கை நீட்டும் நிலை நம்மில் எவருக்கும் வர வேண்டாம். பிரிந்த வீடுகளிலும் நீதி நிலைக்கவும், அன்று நாம் பெயர் எழுத மறந்த அச்சிறுவனைப் போன்ற பிள்ளைகள் கண்ணியத்தோடு வளரவும் எல்லாம் வல்ல அல்லாஹ் நல்லருள் புரிவானாக! ஆமீன்.